இதோ வந்துட்டோம்

“நாப்பத்தொரு செகண்ட்,” என்று மூன்றாவது தடவையாகப் படித்தார் மேடம். “ஆபத்துன்னு போன் வந்ததுல இருந்து, ஏழாம் நம்பர் கார் அங்க போய் நிக்கிற வரைக்கும், சராசரி நாப்பத்தொரு செகண்ட். புள்ளி சார், இது நீங்க போட்ட கணக்குதானே?”

“நான் போட்டதுதான் மேடம். ஆனா நான் நம்பலை.”

காவல்துறைக் கட்டுப்பாட்டு அறையில் புள்ளிவிவரப் பிரிவு என்று ஒரு மேசை உண்டு. மேசை ஒன்று, ஆளும் ஒன்று. ‘புள்ளிவிவரம்’ என்று முழுசாகச் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இல்லாததால் அவர் புள்ளி சார் ஆகிவிட்டார். பெரும்புள்ளி இல்லை, வெறும் புள்ளி.

“நீங்க நம்பாட்டி என்ன? மேல இருக்கிறவங்க நம்பிட்டாங்க,” என்றார் மேடம். கட்டுப்பாட்டு அறை முழுவதும் அவர் பொறுப்பு. “நாப்பத்தொரு செகண்ட்ல போறாங்கன்னா என்ன அர்த்தம்? வேற வேலையே இல்லாம, எந்த வீட்ல சண்டை வரும்னு வாசல்லயே காத்துக் கிடக்கிறாங்கன்னு அர்த்தம். வெள்ளிக்கிழமை மூணு மணிக்குக் கூட்டம். அந்தக் காரை நடு ஊருக்கு மாத்திடப் போறாங்க.”

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பதினாலு தெருவுக்கும் சேர்த்து அந்த ஒரே கார்தான். அதை எடுத்துவிட்டால் இந்தப் பக்கத்துக் கார் ஏதாவது ரயில்வே கேட்டைத் தாண்டி வர வேண்டும். கேட் எப்போது திறந்திருக்கும் என்று கேட்டைப் போட்டவருக்கே தெரியாது. அந்தப் பதினாலு தெருவில் ஒன்பதாவது தெரு புள்ளி சாருடையது. போன வருஷம் பக்கத்து வீட்டு மாடிக்குத் திருடன் ஏறியபோது வந்து நின்றது அந்தக் கார்தான். எத்தனை நிமிஷத்தில் வந்தது என்று அன்றைக்கு அவர் பார்க்கவில்லை. ஆனால் நாற்பத்தொரு விநாடியில் இல்லை. திருடன் நிதானமாக இறங்கி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்.

“பத்து நிமிஷத்துக்கு மேல ஆகுதுன்னு காட்டுங்க,” என்றார் மேடம். “காரை எடுக்க மாட்டாங்க. கூட ஒரு கார்கூடக் கொடுப்பாங்க. ஆனா காட்டணும். ‘நம்பலை’ங்கறது நம்பர் இல்ல.”

“நம்பரோட வர்றேன் மேடம்,” என்றார் புள்ளி சார்.

ஓர் அவசர அழைப்புக்கு நாலு நேரங்கள் உண்டு. மணி அடித்த நேரம், எடுத்த நேரம், காருக்குத் தகவல் சொன்ன நேரம், கார் போய்ச் சேர்ந்த நேரம். முதல் மூன்றையும் கம்ப்யூட்டர் தானே குறித்துக்கொள்ளும். நாலாவதை மட்டும் காரில் இருப்பவர் வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு இங்கே உட்கார்ந்திருப்பவர் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். நாலில் மூன்றை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது, ஒன்றை மனிதன் சொல்கிறான். கோளாறு எதில் என்று புள்ளி சாருக்குச் சந்தேகமே இல்லை.

இது போக, காரில் ஒரு சீட்டுப் புத்தகமும் உண்டு. புகாரை முடித்ததும் போன் செய்தவரிடம் கையெழுத்து வாங்குவதற்கு. அழைத்த நேரம், வந்த நேரம், கையெழுத்து என்று மூன்றே கட்டம். பழைய சீட்டில் ஒன்பது கட்டம் இருந்தது. அநாவசியம் என்று ஆறை அடித்து, காகிதச் செலவைப் பாதியாக்கிப் பாராட்டுக் கடிதம் வாங்கியவர் புள்ளி சார்தான். ஆனால் அந்த நேரங்களையும் காரில் இருப்பவர்கள் கட்டுப்பாட்டு அறையைக் கேட்டே எழுதினார்கள் என்பதால் இப்போது அதனால் பிரயோஜனம் இல்லை.

கைபேசி அடித்தது. மனைவி.

“எங்க இருக்கீங்க?”

“இதோ வந்துட்டேன்மா,” என்று சொல்லிவிட்டு, அந்த மாதத்து அழைப்புப் பட்டியலைப் பிரித்தார்.

வீட்டுக்குள் நுழையும்போது ஒன்றரை மணி நேரம் கழிந்திருந்தது. மனைவி அப்போதுதான் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டேன்னு அப்பவே சொன்னேனே. இன்னும் ஒண்ணும் ஆகலையா?”

“சொன்னீங்க. நீங்க ‘கிளம்பிட்டேன்’னா ஒரு மணி நேரம். ‘வந்துட்டேன்’னா ஒன்றரை. ‘தெருமுனையில இருக்கேன்’னா இன்னும் சீட்டை விட்டே எழுந்திருக்கலைன்னு அர்த்தம். பத்தொன்பது வருஷக் கணக்கு. உங்க கம்ப்யூட்டர்ல போட்டுக்கூடப் பார்த்துக்கோங்க.”

அவர் காதில் அது விழுந்தது. உள்ளே இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, மகளுடைய விளையாட்டு ஆசிரியரிடம் கேட்டு வாங்கிய ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நாலாவது தெருவில் சலவைக் கடைக்கு எதிரே போய் நின்றார். பதினாலு தெருவுக்கும் வண்டிகள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஏழாம் நம்பர் கார் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து வண்டிகள் அங்கே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒவ்வொன்றாக அளந்தார். பால் வண்டி ஏழு நிமிஷம். பள்ளிக்கூட வேன் ஒன்பது. ஒரு கல்லூரிப் பையன் தலைதெறிக்க மோட்டார் சைக்கிளில் வந்தான். அவனுக்கே மூணு நிமிஷம். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த சலவைக் கடைக்கார அம்மாள் மூன்று தடவை நிமிர்ந்து பார்த்தார். புள்ளி சார் மரியாதைக்குச் சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

மத்தியானம் ஹெட்செட் அக்காவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷமாக அவசர அழைப்புகளை எடுப்பவர் அவர். வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் அவருக்குத் தம்பிதான்.

ஓர் அழைப்பு வந்தது. மருந்துக் கடையில் கண்ணாடியை உடைக்கிறார்கள். அக்கா வயர்லெஸ்ஸில், “ஏழு, பத்தாவது தெரு மருந்துக் கடை, தகராறு,” என்றார்.

“வந்துட்டோம்க்கா,” என்றது ஏழு.

அக்கா பச்சைப் பொத்தானை அமுக்கினார். திரையில் முப்பத்தெட்டு விநாடி.

“அக்கா, அவங்க வந்துட்டாங்களா?”

“வந்துட்டோம்னாங்களே தம்பி. காதுல விழலையா?”

“அந்த மைக்கை இப்படிக் கொடுங்க.” புள்ளி சார் குனிந்தார். “ஏழு, இப்ப எங்க இருக்கீங்க?”

“பஞ்சர் கடையில சார்,” என்றது ஏழு. ஓட்டுநர் பேசினார். ‘பொறுமை’ என்று பெயர் எடுத்தவர். “முன் சக்கரம் கழட்டியிருக்கு. மாட்டினதும் வந்துட்டோம்.”

புள்ளி சார் மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். ராத்திரி மனைவி சொன்னது இப்போது உள்ளே இறங்கியது.

பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் இதற்குக் கால வழுவமைதி என்று பெயர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இன்னும் நடக்காததை, அவசரத்தில், நடந்துவிட்டதாகச் சொல்வது. பிழைதான், ஆனால் மன்னிக்கப்பட்ட பிழை. செருப்பில் கால் நுழையும் முன்பே ‘இதோ வந்துட்டேன்’ என்கிறோம். சொல்பவர் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. கேட்பவரும் எழுந்து போய்க் கதவைத் திறப்பதில்லை. இலக்கணமே போனால் போகிறது என்று விட்டுவிட்டது. கம்ப்யூட்டர் விடவில்லை. இரண்டு வருஷமாக ஒவ்வொரு ‘வந்துட்டோ’மையும் விநாடி சுத்தமாக எழுதி வைத்திருக்கிறது.

“ஒரு வார்த்தைதான் கோளாறு,” என்றார் புள்ளி சார், புதையலைக் கண்டெடுத்தவர் போல. “வார்த்தையை மாத்திட்டா முடிஞ்சுது.”

சாயங்காலமே சுற்றறிக்கை போனது. இனி யாரும் ‘வந்துட்டோம்’ என்று சொல்லக் கூடாது. வண்டியை விட்டு இறங்கி, இரண்டு காலும் தரையில் பட்ட பிறகு, ‘இறங்கிட்டோம்’ என்று சொல்ல வேண்டும். இறங்காமல் இறங்கிட்டோம் என்று எந்தத் தமிழனும் சொல்ல மாட்டான் என்பது அவர் கணக்கு.

கணக்கு சரிதான். யாரும் பொய் சொல்லவில்லை.

புதன்கிழமை சராசரி இருபத்தொன்பது விநாடி.

“பொறுமை, என்னய்யா இது?” என்று வயர்லெஸ்ஸில் கேட்டார் புள்ளி சார்.

“நிஜமாவே இறங்கினோம் சார். வழி கேக்க இறங்கினோம். டீசல் போட இறங்கினோம். ஒரு தடவை எனக்குக் கால் மரத்துப்போச்சு, அதுக்கு இறங்கினோம். ரெண்டு காலும் தரையில பட்டுச்சு, சொன்னோம்.”

“போக வேண்டிய இடத்துல இறங்கணும்யா.”

“அது உங்க பேப்பர்ல இல்லையே சார்.”

புள்ளி சார் செவ்வாய்க்கிழமைப் பட்டியலையும் புதன்கிழமைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மருந்துக் கடைத் தகராறு, முப்பத்தெட்டு. தண்ணீர்க் குழாய்ச் சண்டை, நாற்பது. சலவைக் கடை எதிரில் சந்தேகப்படும்படி ஒருவர், முப்பத்தாறு. நாய் கடித்தது, நாற்பத்திரண்டு. புள்ளிவிவரக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வலது கோடியில் இருக்கும் எண்ணைத் தவிர வேறெதையும் படிக்க மாட்டார்கள். புள்ளி சார் விரலை வைத்து எண்களை மட்டும் படித்துக்கொண்டே கீழே போய்விட்டார்.

மேடத்துக்குச் சந்தோஷம். “பார்த்தீங்களா, நீங்க ஒரு சுத்தறிக்கை விட்டதும் பன்னெண்டு செகண்ட் குறைஞ்சிடுச்சு.”

“குறையக் கூடாது மேடம்.”

“எல்லாரும் குறைக்கத்தான்யா பாடுபடறாங்க. நீங்க ஒருத்தர்தான் கூட்டணும்னு நிக்கிறீங்க.”

“கூட்டணும்னு இல்ல. உண்மை எவ்வளவோ அவ்வளவு.”

அன்று முழுக்க யோசித்தார். காரில் இருப்பவர் சொன்னால் கோளாறு வருகிறது. அப்படியானால் யார் சொல்ல வேண்டும்? யாருக்காகக் கார் போகிறதோ அவர் சொல்ல வேண்டும். வாசலில் காரைக் கண்ணால் பார்க்கிறவர் அவர்தானே.

வியாழக்கிழமை புது ஏற்பாடு. கார் வரும் வரை அழைத்தவர் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. காரைப் பார்த்ததும் ‘வந்துட்டாங்க’ என்று அவரே சொல்ல வேண்டும். அந்த வார்த்தையைக் கேட்டால் மட்டும் பச்சைப் பொத்தான்.

முதல் அழைப்பு சலவைக் கடைக்கு அடுத்த வீடு. ஒரே மதில் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு மச்சான், அந்தப் பக்கம் ஒரு மச்சான். இரண்டு வருஷப் பதிவில் அதிக அழைப்பு வந்த முகவரி அதுதான். பெரிய மச்சான் மூச்சு வாங்கப் பேசினார். சின்ன மச்சான் ஏணி போட்டுச் சுவர் மேல் ஏறி நிற்கிறானாம், கையில் கடப்பாரையாம்.

“லைன்லயே இருங்க,” என்றார் அக்கா. “கார் வந்ததும் சொல்லுங்க.”

“சரிங்க,” என்ற பெரிய மச்சான், போனைக் காதிலிருந்து எடுக்காமலே சுவர்ப் பக்கம் திரும்பிக் கத்தினார். “டேய், போலீஸ் வந்துட்டாங்க. இப்ப அந்தச் செங்கல்லைத் தொடு பார்க்கலாம்.”

அக்கா பொத்தானை அமுக்கினார். ஆறு விநாடி.

“அக்கா, அது மிரட்டல்.”

“மிரட்டலோ விரட்டலோ, நீங்க சொன்ன வார்த்தை வந்துச்சு. நான் அமுக்கிட்டேன் தம்பி.”

அன்றைக்கு வந்த அழைப்புகளில் முக்கால்வாசி அப்படித்தான் முடிந்தன. ஆபத்தில் இருப்பவன் போலீஸுக்குப் போன் செய்துவிட்டு எதிராளியிடம் சொல்லும் முதல் வார்த்தையே ‘போலீஸ் வந்துட்டாங்க’ என்பதுதான். இதைப் புள்ளி சார் எந்தப் பட்டியலிலும் படித்ததில்லை. வியாழக்கிழமைச் சராசரி பதினொரு விநாடி.

“பதினொரு செகண்ட்லயே சண்டை நின்னுடுதுன்னா,” என்று மேடம் தாடையைத் தடவினார், “கார் எதுக்கு? போனே போதுமே.”

“நாளைக்கு மூணு மணிக்குள்ள சரியான நம்பரோட வர்றேன் மேடம்.”

“நாலு நாளா இதையேதான் சொல்றீங்க.”

“இந்தத் தடவை யார் வாயையும் நம்பப் போறதில்ல. என் கண்ணு, என் கை, என் கடிகாரம்.”

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தார். பொய்யாக ஓர் அழைப்பைக் கொடுத்து அளந்துவிடலாம்தான். அவசர எண்ணில் பொய் சொல்வது குற்றம். அதற்கான எச்சரிக்கைப் பலகையில் புள்ளிவிவரம் சேர்த்துக் கொடுத்தவரே அவர்தான். ஆகவே நிஜமான அழைப்பு வரும் இடத்தில் போய் நிற்க வேண்டும். மச்சான்கள் வெள்ளிக்கிழமைகளில் பத்து மணிக்கு மேல் பன்னிரண்டுக்குள் சண்டை போடுவார்கள் என்று பதிவுகள் சொல்லின. பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே சலவைக் கடை எதிரே ஸ்டாப்வாட்சுடன் நின்றுவிட்டார்.

கைபேசி அடித்தது.

“எங்க இருக்கீங்க?” என்றாள் மனைவி.

“நாலாவது தெரு, சலவைக் கடை எதிர்ல.”

மனைவி நம்பவில்லை. “அப்படின்னா நிஜமா எங்க இருக்கீங்க?”

பத்தேகாலுக்குப் பெரிய மச்சான் ஏணியோடு வெளியே வந்தார். புள்ளி சார் பொத்தானில் கட்டைவிரலை வைத்தார். பின்னாலேயே சின்ன மச்சான் சுண்ணாம்பு வாளியோடு வந்தார். ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஏறிச் சுவருக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்தார்.

பதினோரு மணி வரை பொறுத்துப் பார்த்த புள்ளி சார், தெருவைக் கடந்து போனார்.

“இன்னிக்கு ஒண்ணும் இல்லையா?”

“எது இல்லையா?”

“சண்டை.”

“இல்லைங்க, ராசியாயிட்டோம்,” என்றார் பெரிய மச்சான். “நேத்து போலீஸ் வந்துட்டாங்கன்னு இவன்கிட்டச் சொன்னேன். பயந்து இறங்கினான். வரலைன்னு தெரிஞ்சதும் ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அப்படியே பேசிக்கிட்டோம்.”

“இனிமே போடவே மாட்டீங்களா?”

“நீங்க யாருங்க?”

புள்ளி சார் பழைய இடத்துக்கே திரும்பினார். வெயில் ஏறியது. கூட்டத்துக்கு நாலு மணி நேரம்கூட இல்லை. இரண்டு வருஷப் பதிவு அவரைக் கைவிட்டுவிட்டது. ஆனாலும் அவர் நகரவில்லை. பதினாலு தெருவில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு அழைப்பு வருகிறது. அதில் ஒன்றுகூடவா தன் கண் முன்னால் வராது என்று கால் மாற்றி நின்றார்.

அப்போதுதான் சலவைக் கடைக்கார அம்மாளைக் கவனித்தார். அந்த அம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்திருந்தார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று அவரையே பார்த்தார். கழுத்தில் தொங்கும் கடிகாரத்தைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். பிறகு, அவர் மேல் வைத்த கண்ணை எடுக்காமலே கைபேசியைக் காதில் வைத்தார்.

புள்ளி சாருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. தெருவில் அந்நியன், கையில் கருவி, வீடுகளைப் பார்த்துக் குறிப்பு எடுக்கிறான். இதைவிட நல்ல அழைப்பு எங்கே கிடைக்கும்? அந்த அம்மாளின் உதடு அசையத் தொடங்கிய கணத்தில் ஸ்டாப்வாட்சை அமுக்கினார். இன்னும் கொஞ்சம் சந்தேகப்படும்படி இருந்தால் நல்லது என்று தோன்றியதால், சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு வீட்டு மாடியை எட்டிப் பார்த்தார்.

அவர் எதிர்பார்த்தது பதினைந்து நிமிஷம். இருபது என்றால் இன்னும் நல்லது.

தெருமுனையில் ஏழாம் நம்பர் கார் திரும்பியது. நேரே அவர் எதிரில் வந்து நின்றது. பொறுமை இறங்கினார். இரண்டு காலும் தரையில் பட்டன.

புள்ளி சார் கடிகாரத்தை நிறுத்தினார். மூன்று நிமிஷம், ஐம்பது விநாடி.

“சார், நீங்களா?” என்றார் பொறுமை. கையில் நீளமாக ஒரு தாள்; மேலிருந்து ஏகப்பட்ட வரிகள் அடிக்கப்பட்டிருந்தன. “சலவைக் கடை எதிர்ல சந்தேகப்படும்படியா ஒரு ஆளுன்னு புகார். போன ஷிப்ட்காரங்க கொடுத்துட்டுப் போன லிஸ்ட்ல அடுத்தது இதுதான்.”

புள்ளி சார் காதில் எதுவும் ஏறவில்லை. அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். “மூணு அம்பது,” என்றார். “பொறுமை, நீங்க மூணு நிமிஷம் அம்பது செகண்ட்ல வந்துட்டீங்க.”

“நிஜமாவா?” பொறுமையின் முகத்தில் பெருமை வந்தது, உடனே போனது. “அய்யய்யோ. இதைப் போய்க் கூட்டத்துல சொன்னா காரை எடுத்துடுவாங்களே சார்.”

“எடுத்துடுவாங்க.”

“ஒரு பத்து நிமிஷம் கூட்டிப் போடுங்க. யாருக்குத் தெரியப் போகுது? சேத்துக் கொடுக்க வேண்டியதுதானே.”

புள்ளி சார் தெருவைப் பார்த்தார். இந்தத் தெருவிலிருந்து ஐந்து தெரு தள்ளி அவர் வீடு. அதில் மனைவி, சாயங்காலம் தனியாக நடந்து வரும் மகள். அதற்கும் கேட்டுக்கும் நடுவே இருக்கும் ஒரே கார் இது. நாலு நாளாக ஊரில் உள்ள வாய்களோடெல்லாம் மல்லுக்கட்டியாயிற்று, கடைசியில் கிடைத்த சுத்தமான எண் இது. இதையும் கூட்டிப் போட்டால் அவருக்கும் அந்தப் பச்சைப் பொத்தானுக்கும் என்ன வித்தியாசம்?

நோட்டைப் பிரித்து எழுதினார். 3.50.

“அளந்தது அளந்ததுதான்,” என்றார். “சீட்டுப் புத்தகத்தை எடுங்க. இந்த ஒண்ணையாவது முறைப்படி முடிப்போம். அழைச்ச நேரத்தை நாம சொல்லக் கூடாது, அந்தம்மாவே அவங்க கையால எழுதட்டும்.”

பொறுமை சீட்டையும் பேனாவையும் நீட்டினார். சலவைக் கடைக்கார அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். புள்ளி சாரை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஆள் நம்ம டிபார்ட்மென்ட்தாம்மா,” என்றார் பொறுமை. “பயப்படாதீங்க. அழைச்ச நேரம் போட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க.”

அந்த அம்மாள் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மூன்று கட்டத்தையும் படித்தார். பேனாவை வைத்துவிட்டு யோசித்தார்.

“இதுல நேரம் மட்டும்தான் கேட்டிருக்கு, கிழமை எங்கங்க எழுதறது? இப்ப நான் பேசிட்டிருந்தது என் பொண்ணுகிட்ட. உங்களுக்குப் போன் பண்ணது செவ்வாக்கிழமை, அன்னிக்கே ‘இதோ வந்துட்டோம்’னாங்களே.”